பழைய தோட்டாவை எப்படி நம்புவது?



"பி.காம். படிக்கிறவனுக்கும் துப்பாக்கிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று தலைப்பைப் பார்த்ததுமே சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. எங்களுக்குத் தணிக்கை என்று ஒரு பாடம் உண்டு. ஒரு பொருளின் உள்ளே இருப்பதை, வெளியே நிற்கிற ஒருவர் எதை வைத்து நம்புவது என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். அதே கேள்வியைத் துப்பாக்கி வியாபாரிகள் கிட்டத்தட்ட 400 வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நமக்குக் கணக்கு தப்பினால் பணம் போகும். அவர்களுக்குத் தப்பினால் கை போகும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு உதாரணத்தோடு ஆரம்பிப்போம். 1890-களில் இங்கிலாந்தில் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று. அதோடு ஒரு பெட்டி பழைய காகிதத் தோட்டாக்கள். துப்பாக்கி பளபளவென்று இருக்கிறது, தோட்டாக்களும் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. சுடலாமா, கூடாதா? இதற்குப் பதில் சொல்ல மனிதர்கள் என்னென்ன சோதனைகளைக் கண்டுபிடித்தார்கள், அந்தச் சோதனைகள் எங்கே நின்றுபோகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரை.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

சினிமாவில் வரும் கைத்துப்பாக்கித் தோட்டா வேறு. வேட்டைக்குப் பயன்படும் ஷாட்கன் தோட்டா வேறு. இதில் ஐந்து பாகங்கள். வெளியே காகிதத்தாலோ, இந்தக் காலமென்றால் பிளாஸ்டிக்காலோ ஆன கூடு. அதன் அடியில் பித்தளைத் தொப்பியும் நடுவில் ஒரு சின்னக் கேப்பும். கேப்புக்கு மேலே வெடிமருந்து. அதற்கு மேலே கம்பளியாலோ அட்டையாலோ ஆன தக்கை. உச்சியில் ஈயச் சிறுகுண்டுகள். விசையை அழுத்தினால் ஓர் ஊசி கேப்பைக் குத்தும், கேப் தீப்பொறி விடும், மருந்து எரிந்து வாயுவாகும், அந்த வாயு தக்கையைத் தள்ள, தக்கை குண்டுகளைத் தள்ளும்.

தீபாவளிக்குச் சிறுவர்கள் கையில் வைத்திருக்கும் ரோல் கேப் துப்பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கேப்பின் வேலை அதேதான். பின்னால் இருப்பதுதான் பொம்மை இல்லை.

"12 போர்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அதுதான் 12 போர். அதனால்தான் எண் கூடக்கூடக் குழல் சிறிதாகிறது. 20 போர் 12 போரைவிடச் சிறியது. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த ஐந்து பாகங்களும் வெவ்வேறு விதமாகக் கெட்டுப்போகும். காகிதக் கூடு ஈரத்தில் உப்பும். கேப் நமத்துப்போகும். தக்கையைப் பூச்சி அரிக்கும். ஈயத்தின் மேல் வெள்ளையாகப் படியும். மருந்துதான் மோசம். அது கெட்டுப்போனால் வெளியே எதுவுமே தெரியாமல் இருக்கலாம்.

வியாபாரிகளே கேட்டு வாங்கிய சோதனை

முதலில் குழலின் கதை. 1637-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ், லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு ஒரு சாசனம் கொடுத்தார். தொழில் தெரியாத கொல்லர்கள் எல்லாம் துப்பாக்கி செய்து விற்கிறார்கள், அவை வெடித்து ஆட்களைக் காயப்படுத்துகின்றன என்பதுதான் புகார். லண்டனிலும் அதைச் சுற்றிப் பத்து மைல் தூரத்திலும் செய்யப்படும் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை குத்தும் உரிமை அந்தச் சங்கத்துக்குக் கிடைத்தது. 1672-ல் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் லியேஜ் நகரத்திலும் இதே போன்ற ஏற்பாடு வந்தது. 1813-ல் பர்மிங்காம் நகரத்துக்கென்று தனியாக ஒரு சோதனைச் சாலையைப் பாராளுமன்றச் சட்டமே உருவாக்கியது. இவற்றுக்கு "புரூஃப் ஹவுஸ்" என்று பெயர். லண்டன் சாலையும் பர்மிங்காம் சாலையும் இன்றைக்கும் வேலை செய்கின்றன.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பர்மிங்காம் சாலையைக் கேட்டு வாங்கியது அந்த ஊர்த் துப்பாக்கித் தொழில்காரர்களேதான் என்பது. செலவையும் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். தன்னைச் சோதிக்கச் சொல்லி யாராவது தானே காசு கொடுப்பானா? கொடுப்பான், அதில் லாபம் இருந்தால்.

1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல காரையும் ஓட்டைக் காரையும் வாங்குபவனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றால், அவன் இரண்டுக்கும் ஒரே நடுத்தர விலைதான் தருவான். அந்த விலை கட்டாது என்று நல்ல கார்க்காரன் சந்தையை விட்டே போய்விடுவான். கடைசியில் ஓட்டைக் கார்கள்தான் மிஞ்சும். பர்மிங்காம்காரர்கள் அகர்லாஃபைப் படிக்கவில்லை. ஆனால் மலிவான ஓட்டைத் துப்பாக்கி தங்கள் ஊர்ப் பெயரையே கெடுக்கிறது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. முத்திரை இருந்தால்தான் நல்ல சரக்குக்கு நல்ல விலை.

சோதனை எப்படி நடந்தது? வழக்கமான அளவைவிட அதிகமான மருந்தும் குண்டும் போட்டுக் குழலைக் கெட்டிப்பார்கள். குழல்களை ஓர் அறையில் வரிசையாகப் படுக்க வைப்பார்கள். எல்லோரும் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, வெளியில் இருந்தே பற்றவைப்பார்கள். தாங்கின குழலுக்கு முத்திரை. தாங்காதது துண்டு துண்டாகக் கிடக்கும். பிற்காலத்தில் இதையே இரண்டு கட்டமாக்கினார்கள். முரட்டுக் குழலாக இருக்கும்போது ஒரு சோதனை, துப்பாக்கியாகப் பூட்டிய பிறகு இன்னொன்று. ஓட்டைக் குழலின் மேல் நகாசு வேலை செய்து கூலியை வீணாக்க வேண்டாமே!

ஆட்கள் வெளியே, குழல் உள்ளே. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சோதனை என்றால் தோற்கும்போதும் யாருக்கும் காயம் படக்கூடாது. பழைய தோட்டாவைத் துப்பாக்கியில் போட்டுத் தோளில் வைத்துச் சுட்டுப் பார்ப்பது சோதனையே இல்லை. அங்கே சோதனைக் கருவி நம்முடைய கன்னமும் இடது கையும்தான்.

மருந்தை அளந்த கதை

குழலைச் சோதித்தால் போதுமா? உள்ளே போடும் மருந்து எவ்வளவு உரமானது என்று தெரிய வேண்டாமா? கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றின் கலவை. செய்பவரைப் பொறுத்து உரம் மாறும். 16-ஆம் நூற்றாண்டிலேயே இதை அளக்கச் சிறு கருவிகள் வந்துவிட்டன. கொஞ்சம் மருந்தை ஒரு கிண்ணத்தில் வைத்து மூடி, பற்றவைத்தால் மூடி எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பார்ப்பார்கள். பிரான்சில் 1686-ல் அரசாங்கமே ஓர் அளவை நிர்ணயித்தது. ஒரு குட்டிப் பீரங்கியில் மூன்று அவுன்ஸ் மருந்து போட்டால், அது 60 பவுண்டு குண்டைக் குறிப்பிட்ட தூரமாவது எறிய வேண்டும். எறியாத மருந்து தள்ளுபடி.

இந்த அளவீட்டை உண்மையான விஞ்ஞானமாக்கியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். கனமான மரக்கட்டை ஒன்றை ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டு, அதன் மேல் குண்டைச் சுட்டார். கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதை வைத்துக் குண்டின் வேகத்தைக் கணக்குப் போட்டார். 1742-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். குண்டின் வேகத்துக்கு முதல்முறையாக நம்பகமான ஓர் எண் கிடைத்தது.

இந்த ராபின்ஸ் இறந்தது எங்கே தெரியுமா? நம் கடலூரில்! கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கோட்டைகளைப் பலப்படுத்தும் வேலைக்குத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. காய்ச்சல் கண்டு 1751 ஜூலையில் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார். உலகம் முழுக்கத் துப்பாக்கி விஞ்ஞானம் பேசுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்கிறார்கள். நமக்குத்தான் அவ்வளவாகத் தெரியாது.

கேப் வந்தது

அந்தக் காலத்துத் துப்பாக்கியில் சிக்கிமுக்கிக் கல் பொறிவிட்ட பிறகுதான் மருந்து பற்றும். புகையைப் பார்த்த பறவை பறந்துவிடும். இதில் எரிச்சலான ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், தட்டினாலே வெடிக்கும் உப்புகளைப் பயன்படுத்தும் முறைக்கு 1807-ல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து பாதரச ஃபல்மினேட் அடைத்த செப்புக் கேப் வந்தது. பிறகு 1830-களில் பிரான்சில் லெஃபோஷே, பின்பக்கம் திறந்து தோட்டாவைப் போடும் துப்பாக்கியைச் செய்தார். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அதைப் பார்த்த பிறகுதான் ஆங்கிலேயர்கள் விழித்துக்கொண்டார்கள்.

கேப்பில் இருப்பது எவ்வளவு கோபக்காரப் பொருள் என்பதற்கு ஓர் ஆதாரம் போதும். தோட்டா, கேப் தொழிலில் பெயர் போன ஈலி நிறுவனத்தை ஆரம்பித்த வில்லியம் ஈலி, 1841-ல் தன் பட்டறையிலேயே ஃபல்மினேட் வெடித்து இறந்துபோனார். வாழ்நாள் முழுக்க அதையே கையாண்ட தொழில்காரருக்கே இந்தக் கதி. பழைய தோட்டாவில் இருந்து கேப்பைக் குத்தி எடுத்துப் பார்க்கலாமே என்று நினைக்கிறவர்கள் இவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வது நல்லது.

பழைய கேப்பில் இன்னொரு சங்கடமும் உண்டு. அடித்தவுடன் வெடிக்காமல், சில நொடிகள் கழித்து வெடிக்கலாம். தீபாவளியன்று "வெடிக்காத வெடிகிட்டப் போகாதே" என்று வீட்டில் கத்துவார்களே, அதே காரணம்தான். துப்பாக்கி சத்தமே போடவில்லை என்று உடனே திறந்து பார்ப்பது, புகையும் திரியைக் குனிந்து ஊதுவதற்குச் சமம்.

கேப் மட்டும் வெடித்து மருந்து பாதிதான் எரிந்தால் வேறொரு ஆபத்து. தக்கை குழலின் நடுவில் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும். "புஸ்" என்று போன தோட்டா, "டமால்" என்று வெடித்த தோட்டாவைவிட ஆபத்தானது என்று சொல்வது இதனால்தான்.

புகையில்லா மருந்தும் புதுத் தலைவலியும்

கருமருந்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஈரம் படாமல் வைத்தால் அது தானாகக் கெடாது. நூறு வருடம் ஆனாலும் அப்படியே இருக்கும். அதுவே அதன் கெட்ட குணமும். 2008-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அனுபவமுள்ள சேகரிப்பாளர், அது வெடித்து இறந்தார். குண்டுக்கு வயது 140-க்கு மேல்.

1860-களில் புதிய வகை மருந்து வந்தது. பிரஷ்யப் பீரங்கிப் படை அதிகாரி ஷூல்ட்ஸே, மரத்தூளை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி வேட்டைத் துப்பாக்கிக்கு ஏற்ற மருந்து செய்தார். 1882-ல் இங்கிலாந்தில் "ஈ.சி." மருந்து வந்தது. 1884-ல் பிரான்சில் பால் வியேய் ராணுவத்துக்கான புகையில்லா மருந்தைச் செய்தார். எல்லாவற்றுக்கும் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ்.

இது கருமருந்து மாதிரிச் சாதுவாக உட்கார்ந்திருக்காது. தானாகவே மெல்ல மெல்லச் சிதையும். சிதையும்போது அமில வாயு வரும். அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். வட்டிக்கு வட்டி ஏறுகிற கந்துவட்டிக் கடன் மாதிரி! வெப்பம் கூடினால் வேகமும் கூடும். ஒரு கட்டத்தில் தானே பற்றிக்கொள்ளவும் செய்யும். பிரெஞ்சுப் போர்க்கப்பல் "இயேனா" 1907 மார்ச் 12-ல் தூலோன் துறைமுகத்தில் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1911 செப்டம்பர் 25-ல் அதே துறைமுகத்தில் "லிபெர்த்தே" கப்பல் வெடித்ததில் சுமார் 300 பேர் இறந்தார்கள். யாரும் சுடவில்லை, யாரும் தாக்கவில்லை. கிடங்கில் இருந்த பழைய மருந்து கெட்டுப்போனதுதான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். அதன் பிறகு அந்த அமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் டைஃபீனைலமைன் போன்ற பொருட்களை மருந்தில் சேர்ப்பது வழக்கமானது. ஆனால் உறிஞ்சும் பொருளும் ஒருநாள் தீர்ந்துபோகும்.

கெட்ட மருந்தைக் கண்டுபிடிக்க ஆங்கிலேய வேதியியல் அறிஞர் ஃபிரெடரிக் ஏபல் ஒரு சோதனையைக் கொண்டுவந்தார். கொஞ்சம் மருந்தைச் சோதனைக் குழாயில் போட்டுக் குறிப்பிட்ட சூட்டில் வைத்து, மேலே வேதிப்பொருள் தடவிய தாள் ஒன்றைத் தொங்கவிட வேண்டும். தாளில் நிறம் தோன்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான் கணக்கு. சீக்கிரம் நிறம் வந்தால் மருந்து கெட்டுப்போகிறது என்று அர்த்தம்.

சோதனை வந்ததும் அதை ஏமாற்றும் வழியும் வந்துவிட்டது! மருந்தில் துளியளவு பாதரசக் குளோரைடு இருந்தால், கெட்ட மருந்தும் இந்தச் சோதனையில் தேறிவிடும் என்று பின்னால் தெரியவந்தது. எங்கள் பாடத்தில் இதற்கு "ஜன்னல் அலங்காரம்" என்று ஒரு பெயர் உண்டு. நிறுவனத்தின் நிலைமை மாறாது, வருடக் கடைசியில் கணக்கு மட்டும் அழகாகிவிடும். எண்ணை மட்டும் பார்க்கிற எல்லாத் தணிக்கைக்கும் இந்த ஆபத்து உண்டு.

அழுத்தத்தை அளக்கவும் ஒரு வழி பிறந்தது. 1860-களில் ஆண்ட்ரூ நோபல் என்பவர் (டைனமைட் நோபல் இவரில்லை) சிறு செப்பு உருளையை வைத்து அளக்கும் முறையை வளர்த்தார். குழலில் ஒரு துளை, அதில் ஒரு தண்டு, தண்டுக்குப் பின்னால் செப்பு உருளை. வெடித்ததும் உருளை எவ்வளவு நசுங்கியது என்று அளந்தால் உள்ளே இருந்த அழுத்தம் தெரியும். இன்றைக்கு இந்த வேலையை மின்னணு உணரிகள் செய்கின்றன.

முத்திரை சொல்வதும் சொல்லாததும்

புது மருந்து வந்ததும் பழைய துப்பாக்கிக்குச் சிக்கல் வந்தது. அதுவரை புரூஃப் முத்திரை எல்லாம் கருமருந்துக்கு மட்டும்தான். இங்கிலாந்தில் நைட்ரோ மருந்துக்கென்று தனிச் சோதனையும் முத்திரையும் 1896-ல்தான் வந்தன. அதற்கு முந்தைய துப்பாக்கியில் முத்திரை இருக்கும், உண்மையான முத்திரையாகவே இருக்கும். ஆனால் அது வேறொரு மருந்துக்குக் கொடுத்த சான்றிதழ்.

மருந்தை அளக்கும் விதத்திலும் ஆபத்து புகுந்தது. முதலில் வந்த புகையில்லா மருந்துகளைக் கருமருந்து அளக்கும் அதே கரண்டியால் அளக்கலாம். கன அளவு ஒன்று, எடைதான் பாதி. அடுத்து வந்தவை அடர்த்தியான மருந்துகள். அவற்றைப் பழைய கரண்டியால் அளந்தால் பல மடங்கு மருந்து உள்ளே போய்விடும். அப்படி வெடித்த துப்பாக்கிகள் நிறைய. அமெரிக்கத் தோட்டாப் பெட்டிகளில் இன்றைக்கும் "மூன்று டிராமுக்குச் சமம்" என்ற மாதிரி அச்சிட்டிருப்பார்கள். அந்தக் குழப்பக் காலத்தின் மிச்சம் அது.

தோட்டாவின் நீளம் இன்னொரு பொறி. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம். இன்றைய தோட்டா பெரும்பாலும் இரண்டே முக்கால் அங்குலம். "நுழையாதே, பிறகென்ன?" என்று தோன்றும். நுழையும்! பெட்டியில் எழுதியிருப்பது சுட்ட பிறகு வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்திருப்பதால் சுலபமாக உள்ளே போய்விடும். சுடும்போது விரிய இடம் இல்லாமல் வழியை அடைக்கும், அழுத்தம் எகிறும்.

இதே மாதிரி 20 போர் தோட்டா 12 போர் குழலில் வழுக்கி உள்ளே போய் நின்றுவிடும். ஒன்றும் போடவில்லை என்று நினைத்து 12 போர் தோட்டாவைப் பின்னால் போட்டுச் சுட்டால் குழல் சிதறும். அதனால்தான் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்தார்கள். பழைய பெட்டிகளில் இந்த நிறக் கட்டுப்பாடு இருக்காது.

இதையெல்லாம் தன் உடம்பிலேயே தெரிந்துகொண்ட ஒருவர் உண்டு. ஜான் ஹென்றி வால்ஷ் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். துப்பாக்கி வெடித்து இடது கையின் ஒரு பகுதியை இழந்தவர். 1857-ல் "தி ஃபீல்டு" பத்திரிகைக்கு ஆசிரியரானார். அடுத்த வருடமே துப்பாக்கிகளுக்குப் பகிரங்கப் போட்டிச் சோதனை நடத்தினார். 1859, 1866, 1875 என்று தொடர்ந்தார். எந்தத் துப்பாக்கி எப்படிச் சுட்டது என்ற எண்களைப் பத்திரிகையில் போட்டார். தயாரிப்பாளரின் விளம்பரத்தை மட்டும் நம்பியிருந்த வாங்குபவனுக்கு முதல்முறையாக ஒப்பிட்டுப் பார்க்க எண்கள் கிடைத்தன. (1868-ல் இவருடைய பத்திரிகை அலுவலகத்தில் கூடி ஆரம்பித்த கிளப்தான் பிறகு விம்பிள்டன் டென்னிஸ் நடத்திய கிளப். மனிதர் சும்மாவே இருக்கவில்லை!)

ஒரு பானை சோறு

சரி, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். பழைய பெட்டியில் 25 தோட்டாக்கள். ஒன்றை எடுத்து முறையாகச் சோதித்துப் பார்த்தால் மற்ற 24-ஐ நம்பலாமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். தணிக்கையில் மாதிரி எடுப்பது அந்தப் பழமொழிதான். ஆனால் அந்தப் பழமொழி ஏன் பலிக்கிறது? எல்லா அரிசியும் ஒரே பானையில், ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்ததால். தோட்டாத் தொழிற்சாலையில் புதுசாக வந்த தோட்டா அப்படித்தான். ஒரே நாளில், ஒரே மருந்தில், ஒரே இயந்திரத்தில் அடைத்தவை. அங்கே சிலவற்றைச் சுட்டுப் பார்த்து மற்றவற்றுக்குச் சான்றிதழ் தரலாம். நூறு வருடப் பெட்டி அப்படியில்லை. பெட்டியின் ஓரத்தில் இருந்தது ஈரம் குடித்திருக்கும், நடுவில் இருந்தது குடித்திருக்காது. யாரோ வீட்டிலேயே மருந்து அடைத்த தோட்டா நாலு நடுவில் கலந்திருக்கலாம். ஒரே கூட்டில் வேறு மருந்து போட்டிருக்கலாம். இது ஒரு பானை சோறு இல்லை, இருபத்தைந்து தனித்தனிப் பானை. சோதித்த தோட்டா செலவாகிவிட்டது. மிச்சம் இருப்பவை சோதிக்காதவை.

துப்பாக்கி முத்திரைக்கும் இதே மாதிரி ஓர் எல்லை உண்டு. தங்க நகையின் ஹால்மார்க் முத்திரை என்றைக்கும் உண்மை. தங்கத்தின் மாற்று மாறாது. புரூஃப் முத்திரை அப்படியில்லை. எங்கள் இருப்புநிலைக் குறிப்பின் தலையில் "மார்ச் 31 அன்று உள்ளபடி" என்று போடுவோம். ஏப்ரல் 1-ஆம் தேதிக்கு அது பொறுப்பில்லை. புரூஃப் முத்திரையும் "அன்று உள்ளபடி"தான். அதற்குப் பிறகு துரு ஏறியிருக்கலாம். துருவைப் போக்கத் தேய்த்துத் தேய்த்துக் குழல் மெலிந்திருக்கலாம். பிரிட்டனில் குழலின் உள்விட்டம் அனுமதித்த அளவைத் தாண்டி அகன்றுவிட்டால் பழைய முத்திரை செல்லாது, மறுபடி சோதிக்காமல் விற்பது சட்டப்படி குற்றம். முத்திரை கண்ணெதிரே இருந்தும் செல்லாக்காசு!

ஆக, பாதுகாப்பான வழி என்ன? பழைய தோட்டாவைச் சுடக்கூடாது, பிரிக்கக்கூடாது, அவ்வளவுதான். நிபுணர்கள் தேவைப்பட்டால் சுவருக்குப் பின்னால் நின்று, தூரத்தில் இருந்து விசையை இழுத்து, அழுத்தம் அளக்கும் தடித்த சோதனைக் குழலில் சுடுவார்கள். மருந்தை ஆய்வுக்கூடத்தில் பார்ப்பார்கள். துப்பாக்கியை உண்மையிலேயே சுட வேண்டுமென்றால், அதன் அறை நீளத்தையும் குழல் சுவரின் கனத்தையும் அளந்து, புரூஃப் ஹவுஸுக்கு மறுசோதனைக்கு அனுப்பி, அதற்கென்றே குறைந்த அழுத்தத்தில் செய்யும் புதுத் தோட்டாவை வாங்குவார்கள். மறுசோதனையில் தாத்தா காலத்துத் துப்பாக்கி பிளந்தும் போகலாம். அந்த நஷ்டத்துக்குத் தயாராக இல்லாதவர்கள் அதைச் சுவரில் மாட்டிவைப்பதே மேல்.

நம் நாட்டில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி தோட்டாவை வைத்திருக்கவே உரிமம் வேண்டும். அதைச் சோதிக்கும் தொழிலுக்கும் தனி உரிமம் வேண்டும். பழைய வீட்டுப் பரணில் இப்படி ஒரு பெட்டி கிடைத்தால், பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்க்கட்டும்.

இதைப் படித்த பிறகு எந்தச் சான்றிதழைப் பார்த்தாலும் எனக்கு இரண்டு கேள்விகள் வருகின்றன. எந்தத் தேதியில் கொடுத்தது? எதற்காகக் கொடுத்தது? வங்கிக் கடனுக்கு வரும் தணிக்கை அறிக்கை ஆகட்டும், பாலத்தின் உறுதிச் சான்றிதழ் ஆகட்டும், லிஃப்ட்டில் ஒட்டியிருக்கும் காகிதம் ஆகட்டும். முத்திரை பொய் சொல்வதில்லை. நாம்தான் அது சொல்லாததையும் சேர்த்துப் படித்துக்கொள்கிறோம்.